கொடி மேடைக் கயிறுகள்

ஏப்ரல் 9

அக்கா,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுத்து, என் குரலைக் கேட்டதும் அப்பா கையில் கொடுத்துவிடுகிறாய். அவர் "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். இதற்கு நான் போன் செய்யாமலே இருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் நான் பேசியது அதிகப்படிதான். "இத்தனை நாள் அப்பாவை நான் பார்க்கலையா, இனி நீ பாரு" என்று நாலு பேர் எதிரில் கத்தியிருக்க வேண்டாம். பஸ் நகர்ந்த பிறகு உன் முதுகு மட்டும் தெரிந்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இங்கே பல் கட்டும் லேப்பில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடைவாய்ப்பல் செய்துகொண்டிருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் கப்பல். அப்பா வேலை பார்த்த போர்க்கப்பலை முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவில் மாதிரியாக இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், நீயும் "இன்னும் தண்ணியில இறங்கலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆகஸ்டில் லீவில் வந்து முடித்துவிடுவேன். படகுகளைத் தொங்கவிடும் கயிறும், அப்பா கொடியேற்றிய மேடையில் கடைசிக் கயிறு ஒன்றும்தான் பாக்கி. அதுவரை யாரும் தொடக் கூடாது. தட்டக் கூடாது, துடைக்கக் கூடாது, ஊதவும் கூடாது.

அப்பாவைக் கண் டாக்டரிடம் இந்த மாதமே கூட்டிப் போ. "கப்பல் முடியட்டும், அதைப் பார்த்துட்டுத்தான் டாக்டரைப் பார்ப்பேன்" என்று வழக்கம் போலச் சொல்வார். காதில் வாங்காதே.

பொடிசு


ஏப்ரல் 21

பொடிசுக்கு,

எழுத மாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை, இல்லையா? சரி.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் யூனிஃபார்ம் எல்லாம் தைத்து முடிக்க வேண்டும். வீடு முழுக்க நீலத் துணி. சோற்றுத் தட்டிலும் நீல நூல். போன வருஷம் தைத்துக் கொடுத்த அதே பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றுக்கும் பழைய அளவு சரிவரவில்லை. அந்த அம்மாக்கள் என்னவோ நான்தான் பிள்ளைகளை வளர்த்துவிட்டது போலச் சண்டைக்கு வருகிறார்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார். உன் கப்பல் இருக்கும் அறையில்தான் பாதி நாள். ரேடியோவைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். காவலுக்கு ஆள் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

டாக்டர் விஷயம் நினைவிருக்கிறது. அடுத்த வாரம் போகிறோம். இந்த வாரம் எண்பது சட்டைக்குக் காலர் வைக்க வேண்டும்.

உன் முதுகும் எனக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாக. நீ திரும்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


மே 6

அக்கா,

கப்பலில் அப்படி என்னதான் கட்டுகிறாய் என்று ஒரு தடவை கேட்டாய். அன்றைக்கு எரிந்து விழுந்தேன். இப்போது சொல்கிறேன், கேள்.

அப்பாவின் வேலை கொடி காட்டுவது. கப்பலை ஓட்டுகிற அறைக்குப் பின்னால், வலது பக்கம், ஒரு சின்ன மேடை. அங்கிருந்து கொடிமரத்தின் குறுக்குக் கட்டைக்கு நாலு கயிறு போகும். எந்தக் கொடியை எந்தக் கயிற்றில் ஏற்றினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தக் கயிறு நிஜத்தில் ஒரு விரல் கனம். என் கப்பலில் அது தலைமுடிக்கும் மெலிசாக இருக்க வேண்டும். கடையில் அப்படி நூல் கிடையாது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, இளகும் நேரம் பார்த்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் ஒரு இழை வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். முனையில் ஊசியால் ஒரு பொட்டுப் பசை. மூச்சை விட்டால் போயே போச்சு.

நாலில் மூன்றைக் கட்டிவிட்டேன். மூன்றையும் எத்தனை தடவை அறுத்து அறுத்துக் கட்டினேன் தெரியுமா? இன்னும் மெலிசாக வரும், இன்னும் மெலிசாக வரும் என்று. பார்க்கிறவர்கள் "நூலா கட்டியிருக்கே" என்று கண்டுபிடித்துவிட்டால் தோற்றுப்போனேன் என்று அர்த்தம்.

டாக்டர் என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே.

பொடிசு


ஜூன் 12

பொடிசு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். டாக்டரிடம் போய் வந்தோம். பயப்பட ஒன்றும் இல்லையாம். சொட்டு மருந்தையே தொடரச் சொன்னார்.

இனி கெட்டது. உன் கப்பலை நான் கெடுத்துவிட்டேன்.

தொடாதே என்று நீ எழுதியது மறந்துபோகவில்லை. அறையைப் பெருக்கும்போது பார்த்தேன், கொடிமரத்திலிருந்து மேடை வரைக்கும் ஒட்டடை தொங்குகிறது. அப்பா உட்காருகிற அறையில் ஒட்டடையா என்று ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். அது ஒட்டடை இல்லை. கையில் சுருண்டு வந்ததைப் பார்த்ததும்தான் உன் போன கடிதம் நினைவுக்கு வந்தது. நீ கட்டின மூன்று கயிறும் போய்விட்டது.

என் தொழிலே நூல்தானே, நானே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இருப்பதிலேயே மெலிசான தையல் நூலைத் தேடி எடுத்துக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. கிட்டப் போய்ப் பார்க்காதே.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அப்பாவை ஒன்றும் கேட்காதே. அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அக்கா


ஜூன் 18

அக்கா,

உன் தையல் நூல் அந்தக் கப்பலில் என்ன கனம் வரும் தெரியுமா? நிஜக் கப்பலில் என் கைத்தண்டை அளவு. போர்க்கப்பலில் துணி காயப்போட்டது மாதிரி இருக்கும். உடனே பிடுங்கு. கட்டினதைப் பிடுங்கும்போது இருக்கிற கொஞ்ச நஞ்சமும் வராமல் பார்த்துக்கொள்.

ஒட்டடை என்று எப்படி அக்கா நினைத்தாய்? அவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தேனே. நான் சொல்வதை என்றைக்காவது காதில் வாங்கியிருக்கிறாயா? நான் செய்கிற எதுவும் உனக்குப் பொம்மை விளையாட்டுதான்.

போட்டோ எடுத்து அனுப்பு. நாலு பக்கமும். வலது பக்கத்தைக் கிட்டத்தில்.

பொடிசு


ஜூன் 27

பொடிசு,

நூலைப் பிடுங்கிவிட்டேன். போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன்.

பொம்மை விளையாட்டு என்று நான் நினைத்ததில்லை. உன் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், அது வேறு. எனக்கு ஊசியில் நூல் கோக்கவே இப்போதெல்லாம் இரண்டு தடவை எச்சில் தொட வேண்டியிருக்கிறது.

உன் கோபம் நியாயம்தான். நீ இன்னும் நாலு வார்த்தை கூடத் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். யூனிஃபார்ம் வேலை முடிந்துவிட்டது. முடிந்து என்ன, மிஷினில் உட்காரவே பிடிக்கவில்லை. மிச்ச நீலத் துணியை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

அப்பா உன்னைக் கேட்டார். கப்பல் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டாயா என்றும் கேட்டார்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

போட்டோக்களை லேப்பில் பல் பார்க்கிற லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தேன். துடைத்தது நீ இல்லை.

ஈரத்துணியால் இழுத்தால் முதலில் எது அறுந்திருக்கும்? இரண்டு கொடிமரத்துக்கும் நடுவே உச்சியில் ஓடுகிற ரேடியோ ஏரியல் கம்பி. அதுவும் அதே மெலிசுதான். அது அப்படியே இருக்கிறது. சேதமெல்லாம் கீழே முன் தளத்தில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஏணி. ஏணிக்கு மேலே கைப்பிடிக் கம்பி ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கம் மடங்கியிருக்கிறது. அதற்கு மேலே கொடி மேடை. வழி நெடுக பெயிண்டின் மேல் எண்ணெய்ப் பசை. அது துணி பட்ட தடம் இல்லை. விரல் நுனி.

நிஜக் கப்பலில் தினமும் காலையில் அப்பா ஏறிப்போன வழி அது. அவர் சொல்லித்தானே அந்த ஏணியையே நான் அங்கே வைத்தேன்.

கண் தெரிகிறவர் கப்பலைக் கண்ணால் பார்ப்பார். விரலால் எதற்குப் பார்க்க வேண்டும்? அவருக்கு எவ்வளவு தெரிகிறது அக்கா? பூசி மெழுகாமல் எழுது.

உன்னை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், மூன்றாவது கயிறு கட்டி முடித்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிரமாதம்டா பொடிசு, கயிறெல்லாம் அச்சு அசலா இருக்கு" என்றார். அப்போது கப்பல் மேஜை மேல் இருந்தது. அவர் முகம் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தது. எப்போதும் கப்பல் இருக்கிற அலமாரி. அன்று காலையில்தான் நான் அதை மேஜைக்கு மாற்றியிருந்தேன்.

எனக்குப் புரிந்தது. புரியாதது போல இருந்துவிட்டேன். புரிந்ததை ஒப்புக்கொண்டிருந்தால் பஸ் ஏறியிருக்க முடியாது. "இனி நீ பாரு" என்று உன்னிடம் கத்தியதும் அந்தப் பயத்தில்தான். யாராவது என்னை நிறுத்துவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று இருந்தது.

எழுது.

பொடிசு


ஜூலை 11

பொடிசு,

வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. ஆள் தெரியாது. என் குரலைக் கேட்டுத்தான் முகத்தைத் திருப்புகிறார்.

டாக்டரிடம் போகிற நாளை இரண்டு தடவை நான்தான் தள்ளிப்போட்டேன். முதல் தடவை காலர் வேலை. இரண்டாவது தடவை பித்தான் வேலை. அப்பாவும் "பொடிசு வந்து கப்பலை முடிக்கட்டும், அப்புறம் போகலாம், உனக்கு வேலை கெடும்" என்றார். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. கடைசியில் போனபோது டாக்டர் வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தார். "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இந்த மனுஷர் எதற்கும் வழி விடவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "பொடிசுக்குச் சொல்லாதே. போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா."

ஜூன் ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அப்பா கப்பல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள்காட்டி விரலைக் கப்பலின் முன் தளத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். ஏணி வந்ததும் விரல் ஏறியது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டு போவது போல இருந்தது. கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்தே எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மேடைக்குப் போனதும் கையை விரித்தார், கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏதோ அறுந்துதும்மா. பொடிசு கட்டினதா?"

"இல்லப்பா. ஒட்டடை" என்றேன்.

அந்தப் பொய்யை முதலில் அவரிடம்தான் சொன்னேன். உனக்கு எழுதியது இரண்டாவது தடவை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். உனக்காகச் சொன்னேன், அவருக்காகச் சொன்னேன் என்றெல்லாம் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாயிற்று. பாதி எனக்காகத்தான். காலருக்கும் பித்தானுக்கும் அப்பாவின் கண்ணைக் கொடுத்தேன் என்று உனக்கு எப்படி எழுதுவது?

நீ திட்டி எழுது. இந்தத் தடவை சரியான காரணத்துக்குத் திட்டு.

அக்கா


ஜூலை 19

அக்கா,

திட்ட ஆரம்பித்தேன். எழுதின பக்கம் முழுக்க என்னைப் பற்றியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீ காலருக்குக் கொடுத்தாய் என்றால் நான் எதற்குக் கொடுத்தேன்? அவர் கப்பல் முடியட்டும் என்று காத்திருந்தார். நான் மெலிசு போதாது என்று அறுத்து அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தடியாக இருந்தாலும் போதும் என்று போன வருஷமே முடித்திருந்தால் அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். பார்த்துவிட்டு டாக்டரிடமும் போயிருப்பார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கயிறு கட்ட வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்? கட்டியாயிற்று. அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை நினைத்துக்கொண்டேதான் பல் செய்கிறேன். இந்த வாரம் இரண்டு பல்லைக் கெடுத்துவிட்டேன்.

நான் உனக்கு எழுதினதில் ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தையல் நூலைப் பிடுங்கச் சொன்னேனே, அதைத் திரும்பக் கட்டு. மெலிசானது வேண்டாம். காக்கிப் பேன்ட் தைப்பாயே, அந்தக் கெட்டி நூல். பித்தான் நூலுக்குச் செய்வது போல மெழுகில் இழுத்துக்கொள். முதலில் மேடைப் பக்கம் முடிச்சுப் போடு, அப்புறம் மேலே குறுக்குக் கட்டைக்குக் கொண்டுபோ. ரொம்ப இழுக்காதே, கொடிமரம் வளையும். முடிச்சு முடிச்சாகவே தெரியட்டும். வெட்டி மறைக்காதே.

மடங்கின கைப்பிடிக் கம்பியை எடுத்து எறிந்துவிட்டுக் குண்டூசியை வளைத்து வை. ஏணியும் தாங்காது. தீக்குச்சியில் ஒன்று செய்து நன்றாக ஒட்டு. ஒவ்வொரு படியும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

அளவு போகட்டும். வேறு யார் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும். நான் வந்து எதையும் மாற்ற மாட்டேன், சத்தியமாக.

ஆகஸ்ட் நடுவில் வருகிறேன். இங்கேயும் பேசியாயிற்று. நம் ஊர் லேப்புக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். ஓடி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. நடந்துதான் வருகிறாள் என்று சொல்.

பொடிசு


ஆகஸ்ட் 2

பொடிசு,

கட்டிவிட்டேன்.

ஏணிக்கே ஒரு முழு நாள் ஆயிற்று. நீ சும்மா "தீக்குச்சியில் செய்" என்று எழுதிவிட்டாய். என் விரலை விரலோடு ஒட்டிக்கொண்டு, வெந்நீரில் முக்கிப் பிரித்தேன். ரெண்டு வருஷமாக இந்த வேலையையா செய்தாய்? இனிமேல் உன்னைக் கிண்டல் செய்ய மாட்டேன். கொஞ்ச நாளைக்கு.

பார்க்க மகா கோரமாக இருக்கிறது. போட்டோ அனுப்ப மாட்டேன்.

நேற்று சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் விரலை முன் தளத்தில் வைத்தேன். "அறுந்துடும்மா, வேணாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். "அறுந்தா மறுபடி கட்டுறேன், போங்கப்பா" என்றேன். போனார். ஏணியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். கைப்பிடியைப் பிடித்தார். மேடைக்கு வந்ததும் வெகு நேரம் அங்கேயே இருந்தார். அப்புறம் முதல் கயிறு. கீழிருந்து மேல் வரைக்கும் இரண்டு விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது பொடிசு கட்டினது இல்ல. அவ இவ்வளவு தடியா கட்ட மாட்டா. தையல்காரி வேலை."

"ஆமாப்பா."

"மூணாவது கயிறு தொய்வா இருக்கு. இதுல கொடி ஏறாது."

அவிழ்த்துக் கட்டினேன். சட்டையில் இப்படி ஒரு குறை சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருப்பேன். நேற்று சந்தோஷமாக இருந்தது. நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "ஒட்டடைன்னு சொன்னியே அன்னிக்கு. ஒட்டடை அறுந்தா டிக்குன்னு சத்தம் வருமா?"

முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"நான்தான் அறுத்தேன்னு அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"திட்டினாளா?"

"உங்களை இல்ல."

சிரித்தார். அப்புறம் என் கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். "நீ ரெண்டு தடவை தள்ளினே. நான் ரெண்டு வருஷம் தள்ளினேன்" என்றார். அவர் என்னை மன்னித்து விட்டுவிட்டார். நான் என்னை விடவில்லை. விடுவேன் என்றும் தோன்றவில்லை. நீயும் அப்படித்தான் இருப்பாய், எனக்குத் தெரியும். சேர்ந்தே இருந்து பழகிக்கொள்வோம்.

நாலாவது கயிற்றை நான் கட்டவில்லை. நூலை வெட்டி, மெழுகு தடவி, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலையிலும் அப்பாவின் விரல் மூன்றையும் தாண்டிப் போய் அந்த வெற்றிடத்தில் நின்றது. "இங்க ஒண்ணு வரணுமே" என்றார். "அது பொடிசுக்கு விட்டது" என்று சொன்னேன். விரலை எடுக்கவே இல்லை.

எந்த பஸ் என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. போன் செய். நானே பேசுகிறேன்.

அக்கா